எண்பத்தாறு கிலோவுக்கு இரண்டு டன் புகை

உ

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.
10.8.2007, ஆடி வெள்ளி

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் மளிகைக் கடை வைத்து நல்லபடியாக நடத்திவரும் என் அன்புத் தம்பி பலராமனுக்கு, அண்ணன் பரசுராமன், எடை அளவு முத்திரை ஆய்வாளர் (ஓய்வு), ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணி ஜோதியம்மாளும் மகள் கீர்த்தனாவும் உடம்பளவில் சுகம். அங்கு நீயும் உன் வீட்டாரும் உன் மகன் மணிவேலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடையும் சுகம், தராசும் சுகம் என்று நம்புகிறேன். தராசை விசாரித்ததைக் குத்தல் என்று எடுத்துக்கொள்ளாதே, முப்பத்தொரு வருஷ சர்வீஸ், கை தானாக எழுதிவிட்டது.

ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தம்பிக்குத் தபால் எழுதுகிறானே, நேரில் வந்தால் என்ன என்று நீ கேட்பாய். பதினோரு வருஷம் முன்பு உன் கடைத் தராசில் கிலோவுக்கு இருபது கிராம் குறைகிறது என்று நானே என் கையால் கேஸ் எழுதினேன். அன்றிலிருந்து நீ என் முகத்தில் முழித்ததில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் மலை சுற்றி வரும்போது உன் கடை வந்ததும் நான் மலைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், நீ பருப்பு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொள்கிறாய். இப்போது நேரில் வந்தால் பாதி சொல்வதற்குள் ரெண்டு பேருக்கும் சண்டை வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். முழுசும் படி. ரெண்டு வரி படித்துவிட்டுக் கிழித்துப் போடாதே, அது நம் குடும்பத்துக் கெட்ட பழக்கம்.

விஷயம் இதுதான். வருகிற ஆவணி ஆறு, வியாழக்கிழமை, கீர்த்தனாவுக்குக் கல்யாணம். பத்திரிகை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, விரலில் மோதிரம் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் பெண்ணின் கூடப் பிறந்தவன். அதாவது நம் செழியன். அவன் ஜெர்மனியிலிருந்து வர மாட்டான் போல் இருக்கிறது. லீவு இருக்கிறது, விசா இருக்கிறது, டிக்கெட் எடுக்க வக்கும் இருக்கிறது. இருந்தும் வர மாட்டான். காரணம் கேட்டால் புகை என்கிறான். ப்ளேனில் வந்தால் புகை வருமாம்.

அங்கே அவன் பார்க்கிற உத்தியோகம் உனக்குத் தெரியாது. ஒரு விமானம் பறந்தால் எவ்வளவு கரியமில வாயு வெளியே போகிறது, அதை உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இவ்வளவு என்று எப்படிப் பங்கு பிரிப்பது என்று கணக்குப் போடுகிற ஆராய்ச்சி நிலையம் அது. அப்பன் அரிசி எடையைப் பார்த்தான், பிள்ளை புகை எடையைப் பார்க்கிறான் என்று செங்கம் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என் வாயில்தான் மண். சித்திரை மாதம் போன் பண்ணினான். மெட்ராசுக்கு ஒரு தடவை வந்து போனால் தன் ஒருத்தன் தலையில் இரண்டு டன் விழுகிறது, அதைத் தானே கணக்குப் போட்டுவிட்டுத் தானே ஏறி உட்கார மனசு வரவில்லை, நிலையத்தில் நாலு பேர் சேர்ந்து இனிமேல் பறப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம் என்றான்.

நான் இரண்டு டன்னா என்றேன். மூன்று வருஷம் முன்பு அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின அன்று, நான் ரிட்டயர் ஆனபோது ஆபீசில் கொடுத்த எடை மேடையில் அவனையும் பெட்டியையும் நானே நிறுத்து அனுப்பினேன். பையன் அறுபத்தாறு கிலோ, பெட்டி இருபது, ஆக எண்பத்தாறு. எண்பத்தாறு கிலோ சரக்குக்கு இரண்டு டன் கழிவு என்று எந்த மண்டிக்காரன் சொன்னாலும் அவனை உள்ளே தள்ளியிருப்பேன். அவன் பொறுமையாக விளக்கினான். ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் அதிலிருக்கிற கரி காற்றிலிருக்கிற பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு மூன்று கிலோ வாயுவாக வெளியே வருமாம். ஒரு கிலோ போட்டு மூன்று கிலோ எடுக்கிற வித்தை எந்தக் கடையில் நடந்தாலும் அந்த இடத்திலேயே பறிமுதல்டா என்றேன். ஆனால் பக்கத்துத் தெரு கெமிஸ்ட்ரி வாத்தியாரைக் கேட்டால் அவரும் அது சரிதான் சார் என்றுவிட்டார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன், எவனோ கேட்டைப் பிடித்து ஆட்டுகிறான். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டினால் இதுதான் கதி, ஒரு நாளைக்கு மூன்று பேராவது ரூம் கேட்டு வருகிறார்கள். மாடி ரூம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வேண்டும் என்று கேட்டைப் பூட்டிவைத்து 'அறை இல்லை' என்று போர்டும் மாட்டியிருக்கிறேன். எழுந்திருக்காமல் ஜன்னல் வழியாகவே நோ ரூம், நோ ரூம் என்று கத்தினேன். அம்மன் கோயில் ஸ்பீக்கர் அலறுகிற அலறலில் அவன் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. ஏதோ அப்பா என்றது போல் இருந்தது. அதில் அதிசயமில்லை, இந்தப் பக்கம் ஆறு மாசம் தங்கின வெள்ளைக்காரன் எவனும் வீட்டுக்காரனை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அளவு என்றால் அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் ஒத்துக்கொள்கிறவன் இல்லை, உனக்கே தெரியும். பெரிய தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற வேதாவிடம் போய் உட்கார்ந்தேன். நல்ல பொம்பளை, பொறுமைசாலி. ஆளுக்கு இவ்வளவு புகை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வெப்சைட்டுகளே தனியாக இருக்கின்றன, தெரியுமா. அதே மெட்ராஸ், அதே ஃபிராங்க்ஃபர்ட், அதே ஒற்றை ஆள், போக வர. ஒன்று ஒன்றேகால் டன் என்றது. அடுத்தது இரண்டு டன். மூன்றாவது நாலரை டன் என்றது, உயரத்தில் போய் விடுகிற புகைக்கு வீரியம் ஜாஸ்தி என்று அது தானாகவே பெருக்கிக்கொள்கிறதாம். ஒரே மூட்டை, மூன்று தராசு, மூன்று எடை. என் சர்வீஸில் மூன்றையும் சீல் வைத்து வண்டியில் ஏற்றியிருப்பேன். இதில் சீல் எங்கே வைப்பது என்று கேட்டேன், அதுக்கு இடம் இல்ல சார் என்றுவிட்டாள் வேதா. இந்த மூன்றுக்கும் நடுவில் முத்திரை குத்தின ஒரே ஒரு படிக்கல் உலகத்தில் எங்கேயும் கிடையாது, தம்பி. இருபது கிராமுக்கு உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்தேன், இங்கே மூன்றேகால் டன் வித்தியாசத்துக்குக் கேட்க நாதியில்லை.

இதைச் செழியனிடம் சொன்னால் அவன் சந்தோஷப்படுகிறான். அதான்பா எங்க ஆராய்ச்சியே என்கிறான். ப்ளேன் நிறையாமல் போனால் காலி சீட்டின் பங்கும் ஏறினவர்கள் தலையில் விழும், அகலமான சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருகிறவனுக்குப் பங்கு கூடும், அடியில் தபால் மூட்டை ஏற்றினால் அதற்குக் கொஞ்சம் கழியும் என்று அடுக்குகிறான். பக்கத்து சீட்டில் வராமல் போன எவனோ ஒருத்தன் புகையும் என் பிள்ளை தலையிலா என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம்தான் எனக்குப் பெரிய பாயின்ட் ஒன்று கிடைத்தது. டேய், நீ ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த ப்ளேன் எப்படியும் போகத்தான் போகிறது, நம் பெங்களூர் பஸ் நீ ஒருத்தன் வரவில்லை என்று ஸ்டாண்டிலேயே நிற்குமா என்று கேட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எல்லாரும் அப்படி நெனைக்கிறதாலதாம்பா அது எப்படியும் போகுது" என்றான்.

சரி, வாதத்தில் முடியாது, பரிகாரத்தில் பார்ப்போம் என்று இறங்கினேன். ஒரு மரம் வருஷத்துக்கு இருபது கிலோ வாயுவை இழுத்துக்கொள்ளும் என்று அவனே எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு டன்னுக்கு நூறு மரம். வைகாசியில் உன் கடைக்குப் பின்னால் நம் பொது நிலத்தில் நூறு வேப்பங்கன்று நட்டது யார் என்று நீ யோசித்திருப்பாய். நான்தான். நீ மத்தியானம் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து வந்து நட்டுவிட்டுப் போனேன். அதில் தொண்ணூற்றாறு கன்றை ஆடு தின்றுவிட்டது. உன் ஆடு. தெரிந்தும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன். மீதி நாலு மரத்துக்கு வருஷத்துக்கு எண்பது கிலோ. அந்தக் கணக்கில் என் பிள்ளை ஒரு தடவை வந்து போக இருபத்தைந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் புகையைக் கம்மி பண்ணி அதை அவன் பக்கம் வரவு வைக்கலாம் என்று நினைத்தேன். ஸ்கூட்டரை நிறுத்தினேன். கேஸ் அடுப்பில் ஒரு வேளை மட்டும் சமையல் என்றேன், கற்பூரம் வேண்டாம் பூ மட்டும் போதும் என்றேன். உன் அண்ணி எனக்கு மட்டும் இரண்டு நாள் பச்சைக் காய்கறி நறுக்கி வைத்தாள். மூன்றாம் நாள் நானே அடுப்பைப் பற்றவைத்தேன். அப்புறம் ஸ்கூட்டருக்குப் புகை பார்த்து சர்டிபிகேட் கொடுக்கிறார்களே, அந்த வேன்காரனிடம் போய், ஒரு விமானத்துக்கு இப்படிப் பார்த்து, புகை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வண்டியைக் கொண்டாங்க சார், பார்த்துடலாம் என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த ஊரில் என்னைப் பார்த்துக் கடைக்காரர்கள் நடுங்கின காலம் ஒன்று இருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. சம்பந்தி ராஜமாணிக்கம் போளூரிலிருந்து வந்தார். மச்சான் எப்ப வர்றார் என்று கேட்டார். நான் பொய் சொல்லத் தெரியாத ஜென்மம், புகை, பங்கு, காலி சீட்டு என்று ஆதியோடந்தமாக அரை மணி நேரம் விளக்கினேன். எழுந்து நின்று டன் கணக்கைச் சுவரில் கரியால் எழுதிக்கூடக் காட்டினேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க பக்கம் வர இஷ்டம் இல்லாதவங்க காய்ச்சல்னு சொல்லுவாங்க. புகைன்னு இப்பதாங்க கேக்குறேன். உங்க பையனுக்கு அங்க குடும்பம் ஏதாவது ஆயிடுச்சா?" இல்லவே இல்லை என்று மலையைக் காட்டிச் சத்தியம் பண்ணினேன். மணவறைக்கு அழைத்து வரப் பெண்ணின் கூடப் பிறந்தவன் இல்லை என்றால் எங்கள் ஜனங்கள் நாலு விதமாகப் பேசுவார்கள், தேதியைத் தள்ளி வைத்துக்கொண்டு நிதானமாக யோசிப்போமே என்று சொல்லிவிட்டுப் போனார். தள்ளிப் போன கல்யாணம் எத்தனை நடந்திருக்கிறது, நீயே சொல். கீர்த்தனா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் மேல் ஒரு குறை சொல்லவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டுத் தேதியைத் தள்ளிவிடுவாரோ என்ற பயத்தில் நாலு நாளாக டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கிறேன்.

இப்போது நான் செய்த பாவத்தை எழுதுகிறேன். உன் அண்ணிக்கே முழுசாகத் தெரியாது. ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை செழியன் போன் பண்ணினான். சம்பந்தி வந்து போன சூடு எனக்கு ஆறவில்லை. அவன் அப்பா, ஒரு வழி இருக்கு என்று ஆரம்பித்தான். எனக்கு வழி காட்டுகிறானாம். "உன் தங்கச்சி கல்யாணத்தைவிட உனக்குப் புகைதான் பெருசுன்னா அங்கயே இரு. எனக்குப் புள்ளையே இல்லன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அப்புறம் போன் இல்லை. நானே வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். வேதாவிடம் போய் மெயில் அனுப்பச் சொன்னேன், அனுப்பின நிமிஷமே பதில் வந்தது. அச்சடித்துக் கையில் கொடுத்தாள். ஜூலை இரண்டாம் தேதியிலிருந்து விடுப்பில் இருக்கிறேன் என்று இங்கிலீஷில் முதல் வரி. அப்பனுக்கு எழுதின கடிதமா அது, ஆபீஸ் நோட்டீஸ். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வராமல் எங்கேயோ ஊர் சுற்றப் போய்விட்டான் என்று ஆத்திரத்தில் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருஷம் நான் நிறுத்த எந்த எடையிலும் தப்பு வந்ததில்லை, அந்த ஒரு வார்த்தையைத்தான் நிறுக்காமல் போட்டுவிட்டேன். நாற்பது நாளுக்கு மேலாகத் தூக்கம் இல்லை, தம்பி. பிள்ளை இருக்கிறானா, என்ன ஆனான் என்றுகூடத் தெரியவில்லை.

அந்த ரூம் கேட்டு வந்த ஆள் இன்னும் போகவில்லை. எதிரே புங்கமரத்தடியில் முதுகுப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். என் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கீர்த்தனா தன் பையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு கூழ் ஊற்றுகிற இடத்துக்குப் போய்விட்டாள், அதனால் முகம் தெரியவில்லை. தாடி மட்டும் தெரிகிறது, கன்னம் மூட. எலும்பும் தோலுமாக இருக்கிறான். எந்த ஊர்ப் பிள்ளையோ, எந்தத் தாய் தகப்பனைத் தவிக்கவிட்டுவிட்டு இங்கே வந்து படுத்திருக்கிறானோ. நல்ல வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்றால் எனக்கு நல்ல வார்த்தை வருகிற நேரமா இது.

ஆகவே நேராகக் கேட்டுவிடுகிறேன். உன் மகன் மணிவேலை அனுப்பு. பெரியப்பா பெண்ணுக்கு அவனும் அண்ணன் முறைதான். அவன் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால் ராஜமாணிக்கத்தின் வாயை அடைக்கலாம். காரியம் ஆக வேண்டும் என்றதும் பதினோரு வருஷம் கழித்து வருகிறானே என்று நீ நினைப்பாய், நினைக்க வேண்டியதுதான். நான் கேஸ் எழுதினது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன், தராசு குறைந்தது நிஜம். ஆனால் எழுதுவதற்கு முன் தம்பி, தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறது பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சின்னவனிடம் கேட்கிறோமே என்று எனக்கு வெட்கமில்லை, வேறு போக்கிடம் எனக்கு இல்லை.

உன் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பைச் சொல். மணிவேலுக்கு என் ஆசீர்வாதம். ஆடுகளையும் விசாரித்ததாகச் சொல். அண்ணாமலையார் உன் கடையையும் உன் குடியையும் நிறைவாக வைத்திருக்கட்டும், என்னையும் ஏதோ பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பிள்ளை இருந்தும் இல்லாத உன் அண்ணன்,
பரசுராமன்

பின்குறிப்பு: மேலே எழுதினது எல்லாவற்றையும் அடித்துப் படி. கிழித்து வேறு எழுத நேரமில்லை, அதனால் இதிலேயே எழுதுகிறேன். உன் அண்ணி கூழ் வாளியோடு வந்தவள் அந்தப் புங்கமரத்தடியில் நின்றாள். வாளியைக் கீழே போட்டாள். கீர்த்தனா அண்ணா என்று கத்தினது ஸ்பீக்கரையும் மீறி எனக்குக் கேட்டது. "புள்ளையை வெளியில படுக்க வச்சுட்டு உள்ள என்னா எழுதினு இருக்கீங்க?" என்று உன் அண்ணி கேட்டாள். எனக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, பூட்டு எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை.

சரக்குக் கப்பலில் வந்திருக்கிறான். ஜூலை நாலாம் தேதி ஏறி முப்பத்து மூன்று நாள் கடலில். அதைத்தான் அன்றைக்கு ஒரு வழி என்று ஆரம்பித்திருக்கிறான். மழைக்காலக் கடல், குடித்த தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லையாம். பம்பாயில் இறங்கி நாலு நாளாகப் போன் போட்டிருக்கிறான், ரிசீவர் கீழே இருந்தது. நான் கிழித்துப்போட்ட மெயிலில் இரண்டாவது வரியே ஊருக்குக் கப்பலில் போகிறேன், போன் கிடைக்காது என்றுதானாம். கப்பல் மட்டும் புகை விடவில்லையா என்று கேட்டேன். அது சரக்கு ஏற்றிக்கொண்டு போகிற கப்பல், நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எப்படியும் போகும்பா என்கிறான். அதையே நான் சொன்னபோது எடுபடவில்லை. திரும்பிப் போகும்போது ப்ளேனில்தான் போக வேண்டும், அந்தப் புகையை என் பெயரில் எழுதிக்கொள் என்றேன். அதுக்கு ஃபார்முலா கிடையாதுப்பா என்றான், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

மணிவேலை அனுப்ப வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். செழியன் தடுத்துவிட்டான். அவனுக்கு இன்னும் தரை ஆடுகிறதாம், மாப்பிள்ளையை அழைத்து வரும்போது இன்னொரு பக்கம் மணி பிடித்துக்கொள்ளட்டும் என்கிறான். ஆகவே மணி வரட்டும். அவனுக்கு முன்னால் நீ வா.

குளித்துவிட்டு வந்தவனை அந்த எடை மேடையில் ஏற்றினேன். அறுபத்தாறு கிலோவாக அனுப்பினவன் ஐம்பத்து நாலு இருக்கிறான். மூன்று தடவை நிறுத்தேன், மேடையில் தப்பில்லை. எந்த வெப்சைட்டிலும் இந்தப் பன்னிரண்டு கிலோவுக்கு இடம் கிடையாது. இருபது கிராம் குறைந்ததற்கு உன் மேல் கேஸ் எழுதினவன் நான். இந்தக் குறைவுக்கு யார் மேல் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ வந்து உன் கையால் எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்.